அதிவேகப் பாதையில் மட்டும் சூடேறிய கார்

கனடாவிலிருந்து வந்த மாமாவை அழைத்துவரக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் புறப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில், பேலியகொடையில் அதிவேகப் பாதைக்குள் நுழைந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, எஞ்சின் சூட்டைக் காட்டும் ஊசி நடுக்கோட்டை விட்டு மேலே நகரத் தொடங்கியது. அப்போது வேகம் மணிக்கு 100 கிலோமீற்றர், ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ஏசியை நிறுத்தி, கண்ணாடிகளை இறக்கி, ஹீற்றரை முழுச் சூட்டுக்குத் திருப்பி, இடப்பக்கத் தடத்தில் 60இல் ஓட்டியதும் ஊசி மெல்ல இறங்கிப் பழைய இடத்தில் நின்றது. ஹீற்றர் என்பதும் உள்ளே இருக்கும் ஒரு சின்ன ரேடியேற்றர்தான், அதாவது எஞ்சினைச் சுற்றிவரும் சூடான நீரைக் காற்றில் ஆறவைக்கும் உறுப்புத்தான் என்பதால், அவசரத்துக்கு எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கை அது நம் முகத்தில் வாரி இறைத்துவிடும். கொழும்பின் வெக்கையில் ஹீற்றர் போட்டு ஓட்டுவது எப்படிப்பட்ட அனுபவம் என்பதை விளக்கத் தேவையில்லை. திரும்பி வரும்போது பின்னிருக்கையில் இருந்த மாமா, வியர்வையைத் துடைத்தபடி, "தம்பி, உந்தக் கார் வெள்ளவத்தைக்குப் போய்ச் சேருமோ, இல்லை நான் ஒட்டோ பிடிக்கட்டோ?" என்று கேட்டார்.

கார் 2007இல் ஜப்பானில் தயாரானது; 1,500 சிசி பெற்றோல் எஞ்சின், ஓட்டோ கியர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது என்பதால், இடைப்பட்ட காலத்தில் என்னைப் போன்ற பலர் விற்றுவிட வேண்டிய வயதிலிருந்த கார்களைப் பழுதுபார்த்துப் பழுதுபார்த்தே ஓட்டினோம். இந்தக் காரும் அப்படித் தங்கிப்போனதுதான்.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை பிழையானது. கார் சூடேறுகிறது என்று சொன்னவுடன் நண்பர் ஒருவர் "ஃபேன் ரிலே போயிருக்கும்" என்றார். ஃபேனுக்கு மின்சாரம் கொடுக்கும் அந்தச் சின்ன ஸ்விட்ச், ரிலே, ஒன்றை மறுநாளே வாங்கி மாற்றினேன். சூடு எந்த நேரத்தில் ஏறுகிறது என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் அந்தக் காசு மிஞ்சியிருக்கும். நெரிசலில் நின்று நகரும்போது சூடேறி, ஓடத் தொடங்கியதும் தணிந்தால், ரேடியேற்றருக்குக் காற்று போதவில்லை என்று பொருள். அப்போது ஃபேன், அதன் மோட்டார், ரிலே, ஃபியூஸ், சென்சர் ஆகியவற்றைச் சந்தேகிப்பது நியாயம். வேகமாக ஓடும்போது முன்பக்கத்திலிருந்து மோதும் காற்றே தாராளமாகப் போதும்; அங்கே ஃபேன் ஓடினாலும் ஓடாவிட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை. வேகத்திலோ மேட்டிலோ மட்டும் சூடேறினால், எஞ்சினின் சூட்டைச் சுமந்துவரும் கூலன்ட் என்ற திரவம் போதிய அளவில் ரேடியேற்றர் வழியாகப் போகவில்லை, அல்லது போனாலும் ரேடியேற்றரால் சூட்டை வெளியே தள்ள முடியவில்லை. என் கார் காலி வீதியின் மாலை நெரிசலில், ஏசி போட்ட நிலையில், ஒரு மணிநேரம் ஊர்ந்தபோதும் ஊசியை அசைக்கவில்லை. ஃபேன் நல்ல நிலையில் இருக்கிறது என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. ஏசியைப் போட்டதும் ஃபேன் சுழல்கிறதா என்று பொனற்றைத் திறந்து பார்த்திருந்தாலே போதும். ஒரு நிமிட வேலை.

ஊசியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பல கார்களில் அந்த ஊசி உண்மையான வெப்பநிலையை அப்படியே காட்டுவதில்லை. ஏறக்குறைய 75 பாகை முதல் 100 பாகை வரை நடுக்கோட்டிலேயே அசையாமல் நிற்கும்படி அதை அமைத்திருப்பார்கள். ஓட்டுநர் வீணாகப் பதறக் கூடாது என்பது அதன் நோக்கம். ஊசி அசைந்துவிட்டது என்றால் நிலைமை ஏற்கனவே முற்றிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். அதனால் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சொக்கற்றில் செருகி, தொலைபேசித் திரையில் கூலன்ட் வெப்பநிலையை எண்ணாகக் காட்டும் மலிவான புளூடூத் ரீடர் ஒன்றை வாங்கினேன். இந்தப் பழுதுபார்ப்பில் நான் செலவழித்த காசில் அதிகம் பயன் தந்தது அதுதான்.

அடுத்த சனிக்கிழமை காலை, எஞ்சின் இரவு முழுவதும் ஆறியிருந்த நிலையில், வேலையை ஒழுங்காகத் தொடங்கினேன். ரேடியேற்றர் மூடியைச் சூட்டோடு திறக்கக் கூடாது என்பது எல்லோரும் கேட்ட எச்சரிக்கை. ஏன் என்பது பலருக்குத் தெரியாது. என் காரின் மூடியில் 1.1 என்று பொறித்திருக்கிறது. உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைவிட ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 1.1 கிலோகிராம் கூடும்வரை மூடி திறக்காது என்பது அதன் பொருள். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 120 பாகை வரை கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திருகிய கணத்தில் அழுத்தம் விழும். 110 பாகையில் அமைதியாக இருந்த நீர் அந்தக் கணமே கொதித்து, ஆவியாகவும் கொதிநீராகவும் முகத்தை நோக்கிப் பாயும். ஒரு மணிநேரமாவது பொறுத்து, எஞ்சினையும் ரேடியேற்றரையும் இணைக்கும் மேல் ஹோஸைக் கையால் அமுக்கிப் பார்த்து, அது மெத்தென்று இருந்தால் மட்டுமே திறக்க வேண்டும்.

மூடியைத் திறந்தபோது உள்ளே இருந்தது கூலன்டே இல்லை. ஆறிப்போன பிளேன்ரீயின் நிறத்தில் துருத்தண்ணீர். "இங்கே பனியா கொட்டுகிறது, கூலன்ட் எதற்கு?" என்ற பேச்சைக் கொழும்பில் அடிக்கடி கேட்கலாம். உறைவதைத் தடுப்பது அதன் வேலைகளில் ஒன்றுதான். அதில் கலந்திருக்கும் அரிப்புத் தடுப்பான்கள் அலுமினியத்தையும் இரும்பையும் வோட்டர் பம்ப் சீலையும் காக்கின்றன; பாதிக்குப் பாதி கலவை கொதிநிலையையும் சில பாகை உயர்த்துகிறது. என் காரில் இருந்த தண்ணீருக்கு நானே பொறுப்பு. 2022இன் பெற்றோல் வரிசைக் காலத்தில் கார் மாதக்கணக்கில் நின்றது. பிறகு யாழ்ப்பாணம் போனபோது ரிசேர்வ் தாங்கியில் அளவு குறைந்திருக்கக் கண்டு, வீட்டுக் கிணற்றிலிருந்து அள்ளி ஊற்றினேன். சுண்ணக்கல் நிலத்திலிருந்து ஊறும் அந்தத் தண்ணீர் கேத்திலின் அடியில் வெள்ளைப் படிவு வைப்பதைச் சிறு வயதிலிருந்தே பார்த்தவன், அதையே ரேடியேற்றருக்குள் ஊற்றினேன் என்பதை இங்கே பதிந்துவைக்கிறேன்.

தண்ணீரின் அளவு சரியாகத்தான் இருந்தது. சிலிண்டர்களையும் கூலன்ட் பாதையையும் பிரித்துவைக்கும் ஹெட் கஸ்கட் என்ற தகடு போயிருக்குமோ என்ற பயம் அடிவயிற்றில் இருந்ததால் அதை முதலில் பார்த்தேன். ஒயில் மூடியின் உட்புறத்தில் பால் கலந்தது போன்ற வெளிறிய களிம்பு இல்லை; ஒயில் தடியிலும் இல்லை. ரேடியேற்றர் மூடியைத் திறந்து வைத்தபடி குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ரேடியேற்றரின் கழுத்தில் ரப்பர் கையுறை ஒன்றைப் பொருத்திக் கட்டினேன். சிலிண்டருக்குள் எரியும் வாயு கூலன்ட் பாதைக்குள் கசிந்தால், எஞ்சின் சூடாவதற்கு முன்பே கையுறை நிமிர்ந்து துடிக்கும். தண்ணீரில் ஓயாமல் குமிழி வரும். கையுறை துவண்டே கிடந்தது. மாடிவீட்டுத் தொகுதியின் காவலாளி சிறிது நேரம் நின்று அந்தக் கையுறையைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

இதே நேரத்தில்தான் முதல் துப்புக் கிடைத்தது. எஞ்சின் ஓடத் தொடங்கி நாலைந்து நிமிடத்தில், ஃபேனில் படாமல் கையை விட்டு, மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் தொட்டுப் பார்த்தேன். எஞ்சினுக்கும் ரேடியேற்றருக்கும் இடையில் தெர்மோஸ்டற் என்ற வால்வு உண்டு. அதன் நடுவில் பித்தளைக் கிண்ணம் ஒன்றில் மெழுகு அடைத்திருக்கும். குறித்த சூடு வந்ததும் மெழுகு உருகி விரிந்து, கம்பியைத் தள்ளி வால்வைத் திறக்கும். அது திறக்கும்வரை ரேடியேற்றர் வழியாக ஓட்டமே இருக்கக் கூடாது. ஆகவே ஒரு ஹோஸ் சூடாகவும் மற்றது குளிர்ந்தும் இருக்க வேண்டும். என் கையில் இரண்டும் ஒரே மாதிரி இளஞ்சூடாக இருந்தன.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ரீடரைச் செருகிக்கொண்டு மெரின் டிரைவ் வழியாகக் கொள்ளுப்பிட்டி வரை ஏசி இல்லாமல் ஓட்டினேன். புறப்படும்போது 29 பாகை. பம்பலப்பிட்டி ரயில் நிலையத்துக்கு நேரே 51. கொள்ளுப்பிட்டியில் திரும்பும்போது 64. நல்ல நிலையிலுள்ள பெற்றோல் எஞ்சின் அதற்குள் 80ஐத் தாண்டியிருக்க வேண்டும். அதிவேகப் பாதையில் கொதிக்கப் பார்க்கும் எஞ்சின், காலையில் சூடாகவே மறுக்கிறது. கேட்பதற்கு முரணாக இருந்தாலும், இரண்டுக்கும் ஒரே விடை இருந்தது: தெர்மோஸ்டற் திறந்தபடி இறுகிவிட்டது, அல்லது அங்கே அது இல்லவே இல்லை.

தெர்மோஸ்டற்றின் வீட்டை, அதாவது அது உட்காரும் உலோக உறையை, கழற்றுவதற்கு ஒரு முழு மாலை போனது. முதலில் ரேடியேற்றரின் அடிக் குழாயைத் திறந்து தண்ணீரை வாளியில் வடித்தேன். மூன்று லீற்றருக்குச் சற்று மேல் வந்தது. வீட்டை எஞ்சினோடு பிடித்திருப்பவை 10 மில்லிமீற்றர் நட் இரண்டு. மேலே இருந்தது உடனே வந்தது. கீழே இருந்தது துருவேறி அசைய மறுத்தது. அலுமினியத்தில் பொருத்திய ஸ்டட், அதாவது நட் ஏறும் திருகுத் தண்டு, முறிந்தால் வேலையை நானே முடிக்க முடியாது என்பதால், துரு இளக்கும் ஒயிலைத் தெளித்துவிட்டு இரவு முழுவதும் விட்டேன். காலையில், இறுக்கும் பக்கம் மயிரிழை அளவு, பிறகு தளர்த்தும் பக்கம் சற்று என்று மாறி மாறித் திருப்பியதில், "கிரிச்" என்ற ஒரு முனகலோடு இளகியது.

வீட்டைப் பிரித்தபோது உள்ளே ஒன்றும் இல்லை. ரப்பர் வளையம் இருந்த பள்ளத்தில் சாம்பல் நிறச் சிலிக்கனை அப்பியிருந்தார்கள். அதில் ஒரு துண்டு பிய்ந்து, வால் போல, பாதைக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் நினைவுக்கு வந்தது. 2022இன் கடைசியில், நீண்டநாள் நின்ற காரை ஒரு கராஜில் கொடுத்தபோது, வோட்டர் பம்ப் மாற்றியவர் "அதையும் கழற்றிவிட்டேன், இந்த நாட்டு வெயிலுக்கு அது தேவையில்லை" என்றார். நான் தலையாட்டினேன், நன்றியும் சொன்னேன்.

இந்தப் பழக்கம் நம் ஊரில் பரவலாக இருப்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன். தெர்மோஸ்டற்றைக் கழற்றினால் எஞ்சின் எப்போதும் குளிர்ந்தே இருக்கும் என்பது நம்பிக்கை. அதற்கு எதிராக, "தண்ணீர் வேகமாக ஓடிவிடுவதால் ரேடியேற்றரில் ஆற நேரம் கிடைப்பதில்லை" என்று ஒரு விளக்கமும் புழங்குகிறது, அதுவும் தவறு. ஓட்டம் கூடினால் சூடு கைமாறுவதும் கூடுமே தவிரக் குறையாது. உண்மையான காரணம் வேறு. என் காரில் உள்ளது போன்ற தெர்மோஸ்டற்றுக்கு இரண்டு வேலை. மேல் வால்வு ரேடியேற்றர் பாதையைத் திறக்கும்போது, அதே கம்பியின் அடியிலுள்ள வட்டத்தட்டு கீழே இறங்கி, எஞ்சினுக்குள்ளேயே கூலன்டைச் சுற்றவிடும் பைபாஸ் துளையை அடைக்கும். அந்த உறுப்பையே எடுத்துவிட்டால் துளையை அடைப்பதற்கு ஆளில்லை. கூலன்டின் ஒரு பங்கு ரேடியேற்றரை எட்டிப் பார்க்காமலே பம்ப்புக்குத் திரும்பி, சூட்டோடு மறுபடி எஞ்சினைச் சுற்றும். மெதுவாக ஓடும்போது எஞ்சின் தரும் சூடு குறைவு என்பதால் மீதிப் பங்கே சமாளித்துவிடும். 100இல் ஏசியோடு ஓடும்போது சமாளிக்காது. எஞ்சின் குளிர்ந்தே ஓடும்போது, அது இன்னும் சூடாகவில்லை என்று காரின் கணினி எண்ணிப் பெற்றோலைத் தாராளமாகத் தெளிப்பதால், எரிபொருளும் வீணாகிறது. இரண்டு ஆண்டுகளாக லீற்றருக்கு இத்தனை கிலோமீற்றர்தான் வருகிறதே என்று நான் புலம்பியதற்கும் அங்கேதான் வேர் இருந்தது.

கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்கு, தெர்மோஸ்டற் வீட்டின் உட்புற விட்டத்தைக் கீறிய கடதாசியை எடுத்துக்கொண்டு போனேன். மூன்றாவது கடையில் இருந்த நானா, நான் கேட்டதைக் காதில் வாங்கியதும், "இது இல்லாமலே எத்தனை வண்டி ஓடுது தம்பி" என்று சிரித்தார். "அப்படி ஓடினதால்தான் நானா வந்திருக்கிறேன்" என்றேன். அவர் முதலில் எடுத்து வைத்தது அளவில் பொருந்தியது. ஆனால் அடியில் வட்டத்தட்டு இல்லாத வகை. அதை வாங்கியிருந்தால், பைபாஸ் துளை திறந்தே இருந்திருக்கும். நான் பழைய இடத்துக்கே வந்திருப்பேன். ஏணியில் ஏறி மேல்தட்டிலிருந்து அவர் இறக்கிய மற்றொன்றில் தட்டு இருந்தது. விளிம்பில் 82 என்று பொறித்திருந்தது. புது ரப்பர் வளையத்தையும் சேர்த்து வாங்கினேன்.

புதியது என்பதற்காக நம்பிவிட முடியாது. குசினியில் ஒரு பழைய அலுமினியச் சட்டியில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டற்றின் வால்வுக்கும் அதன் இருக்கைக்கும் இடையில் தையல் நூல் ஒன்றை நுழைத்து, அந்த நூலாலேயே அதைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டேன். வால்வு மூடியிருக்கும்வரை நூலைக் கடித்துப் பிடித்திருக்கும். பக்கத்தில் சமையல் வெப்பமானி. இரண்டும் சட்டியின் அடியில் தொடாதபடி பார்த்துக்கொண்டேன், ஏனெனில் அடித்தகடு தண்ணீரைவிடச் சூடாக இருக்கும். 78இல் அசைவில்லை. 80இல் இல்லை. 82ஐ எட்டி ஒரு கணம் கழித்து, நூல் தளர்ந்து, தெர்மோஸ்டற் "டொக்" என்று அடியில் விழுந்தது. தொடர்ந்து 95 வரை சூடாக்கி, இடுக்கியால் தூக்கி, 8 மில்லிமீற்றர் துளை அலகின் தண்டை வால்வுத் திறப்பில் நுழைத்துப் பார்த்தேன், தாராளமாகப் போனது. வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "அந்தச் சட்டியை இனி அடுப்பில காணக் கூடாது" என்று மட்டும் சொன்னார்.

பொருத்துவதற்கு முன் ரேடியேற்றரையும் பார்த்தேன். முன்பு எஞ்சின் சூடாக இருந்தபோது அகச்சிவப்பு வெப்பமானியை அதன் முகத்தில் வரிசை வரிசையாக ஓட்டியிருந்தேன். மின்னும் உலோகத்தில் அந்தக் கருவி பொய் சொல்லும் என்பதால், அளக்கும் இடங்களில் கறுப்பு இன்சுலேஷன் டேப் துண்டுகளை ஒட்டிக்கொண்டேன். பெரும்பகுதியும் 70க்கு மேல் காட்ட, கீழ் இடது மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு 48தான் காட்டியது. சூடான கூலன்ட் அந்த மூலையிலுள்ள குழாய்களுக்குள் போகவில்லை. கிணற்றுத் தண்ணீரின் படிவும் துருவும் அங்கே அடைத்திருக்க வேண்டும். குழாய் நீரை ஓட்டத்துக்கு எதிர்த்திசையில், கீழிருந்து மேலாக, தெளிவாக வரும்வரை விட்டுக் கழுவினேன். செங்கல் பொடி போன்ற வண்டல் வாளியின் அடியில் விரற்கடை உயரத்துக்குத் தங்கியது. வெளிப்புறத்தில் வேறொரு சேதம்: கீழ்ப்பகுதி அலுமினியத் தகடுகளை விரலால் தொட்டதும், பழைய கடதாசி போல, வெள்ளைப் பொடியாக உதிர்ந்தன. ரயில் பாதைக்கும் கடலுக்கும் இரண்டு ஒழுங்கை தள்ளிப் பதினைந்து ஆண்டுகளாக நிற்கும் காருக்கு உப்புக்காற்று செய்யும் வேலை அது. குழாய் நீரை ஓங்கி அடித்தால் மீதியும் உதிர்ந்துவிடும்; பூச்செடிக்குத் தெளிப்பது போல மெதுவாகவே கழுவினேன்.

சிலிக்கனை மரத்துண்டால் சுரண்டி எடுத்தேன். இரும்பால் சுரண்டினால் அலுமினிய முகத்தில் கீறல் விழுந்து பின்னர் கசியும். தெர்மோஸ்டற்றின் விளிம்பில், காற்று வெளியேறுவதற்காக ஆடும் சின்ன ஊசி ஒன்று இருக்கும். அது உச்சிப் பக்கமாக வரும்படி வைத்து, ரப்பர் வளையத்தோடு, சிலிக்கன் இல்லாமல் மூடினேன். நட்டுகளை முழு பலத்தோடு இறுக்கவில்லை.

கூலன்ட் ஏற்கனவே பாதிக்குப் பாதி கலந்த வகையாக வாங்கினேன். பச்சை, இளஞ்சிவப்பு, நீலம் என்று நிறத்தைப் பார்த்து வாங்குவது நம்பத்தக்க வழியல்ல. நிறம் வெறும் சாயம், உள்ளேயிருக்கும் அரிப்புத் தடுப்பானின் வகையே முக்கியம் என்பதால் காரின் கையேட்டில் சொன்ன வகையைத் தேடினேன். கடைசிக் கழுவலுக்குப் பற்றரித் தண்ணீர் என்று விற்கும் காய்ச்சி வடித்த நீரைப் பயன்படுத்தினேன். பிறகு காரின் முன்பக்கத்தைச் சரிவில் உயர்த்தி நிறுத்தி, ஹீற்றரைச் சூட்டுக்குத் திருப்பி, மூடியில்லாமல் எஞ்சினை ஓடவிட்டு, மேல் ஹோஸை அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்றினேன். முதலில் 4 லீற்றர் போனதும் நிரம்பியது போலத் தெரிந்தது. தெர்மோஸ்டற் திறந்த கணத்தில் ஒரு பெரிய ஏப்பம் போலக் காற்று வந்து, மட்டம் சட்டென்று இறங்கியது. மேலும் ஒரு லீற்றருக்கு மேல் குடித்தது. அந்தக் காற்று உள்ளேயே தங்கியிருந்தால் மறுநாளே சூடேறி, புதுத் தெர்மோஸ்டற்றின் மேல் பழி விழுந்திருக்கும். சிந்திய கூலன்டை உடனே துடைத்து, வடித்ததை மூடிய கலனில் வைத்தேன். எத்திலீன் கிளைக்கோல் இனிக்கும், குடித்த பூனையின் சிறுநீரகத்தை அழித்துவிடும், எங்கள் வாகனத் தரிப்பிடத்தில் ஐந்து பூனைகள் இருக்கின்றன.

அடுத்த நாள் காலை அதே மெரின் டிரைவ். பம்பலப்பிட்டி ரயில் நிலையத்தில் 80. அதற்குப் பிறகு கொள்ளுப்பிட்டி வரை 83க்கும் 87க்கும் இடையில் ஆடிக்கொண்டிருந்தது. மாமாவைத் திரும்ப ஏற்றிவிடக் கட்டுநாயக்காவுக்குப் போன இரவில், மூன்று பேர், இரண்டு பெரிய பெட்டிகள், ஏசி, 100 கிலோமீற்றர் வேகம். திரையில் 91, சில இடங்களில் 94. முன்னிருக்கையில் இருந்த மாமா தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு ஜா எல வரை ஒவ்வொரு எண்ணையும் உரக்க வாசித்தார்.

94 என்பது எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. தகடுகள் உதிர்ந்த ரேடியேற்றர் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது. மழைக்காலம் தொடங்குவதற்குள் அதையும் மாற்ற வேண்டும், நானாவிடம் விலை கேட்டு வைத்திருக்கிறேன். கராஜ் சட்டி என்று அம்மா நெயில் பொலிஷால் எழுதிய அலுமினியச் சட்டி, அதுவரை, கார் டிக்கியில் இருக்கிறது.